அயர்ன் பௌல் பார்க்கப் போன கதை: அலபாமா பயணக் குறிப்புகள்

நவம்பர் 23, 2023, வியாழன். ஆல்ஃபரெட்டா, ஜார்ஜியா

இன்று இங்கே தேங்க்ஸ்கிவிங். கடைகண்ணி பெரும்பாலும் அடைப்பு, தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. அக்கா மகன் வீட்டில் வான்கோழி இல்லை, கோழிப் பிரியாணிதான். சாப்பிட்டு முடித்ததும் அலமாரியிலிருந்து ஆரஞ்சு நிறச் சட்டை ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தான். "சனிக்கிழமைக்கு மாமா. இதைத்தான் போட்டுக்கணும்."

சனிக்கிழமை அயர்ன் பௌல். அலபாமா மாநிலத்தின் இரண்டு பெரிய பல்கலைக்கழகங்களான ஆபர்னும் அலபாமாவும் ஆண்டுக்கொரு முறை மோதும் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம். அக்கா மகன் எம்.எஸ். படித்தது ஆபர்னில். அந்த மாநிலத்தில் என்எஃப்எல் (தொழில்முறைக் கால்பந்து லீக்) அணி எதுவும் கிடையாது. அதனால் தொழில்முறை அணிகள் மீது மற்ற ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் வெறியெல்லாம் அங்கே இந்தக் கல்லூரிப் பையன்கள் தலையில்தான் இறங்குகிறது. கல்லூரி வாசலையே மிதிக்காதவர்கூட ஏதாவது ஒரு பக்கம் நின்றாக வேண்டுமாம். நடுநிலை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்கிறான்.

பல வருஷம் பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் நான். குறுவட்டப் போட்டி முடிந்து பிள்ளைகள் பேருந்தில் அழுதுகொண்டே வந்ததைப் பார்த்திருக்கிறேன். அதே பிள்ளைகளைத் திட்ட மைதானத்துக்குள் ஓடிவந்த பெரியவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆட்டத்தைவிட, சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்க்கத்தான் இந்தப் பயணத்துக்கு ஒப்புக்கொண்டேன்.

விதிகளை இரவு சொல்லிக்கொடுத்தான். பக்கத்துக்கு 11 பேர். 100 கெஜ மைதானம். நான்கு வாய்ப்புக்குள் 10 கெஜம் முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு; இல்லையென்றால் பந்து எதிரணிக்கு. எல்லைக் கோட்டுக்குள் கொண்டு சேர்த்தால் டச் டவுன், 6 புள்ளி. மற்றதெல்லாம் போகப் போகப் புரியும் என்றான்.

நவம்பர் 24, வெள்ளி. ஆபர்ன்

அட்லாண்டாவிலிருந்து தென்மேற்கே இரண்டு மணி நேரப் பயணம். வெஸ்ட் பாயின்டில் கியா கார் ஆலையைத் தாண்டி மாநில எல்லையைக் கடந்ததும் கைபேசிக் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போனது. அலபாமாவில் மத்திய நேரம்.

இந்த மாநிலத்தில் காரின் பின்பக்கம் மட்டும் பதிவு எண் பலகை இருந்தால் போதும். முன்பக்கம் காலியாக இருப்பதால் அங்கே அணிச் சின்னத்தை மாட்டிக்கொள்கிறார்கள். சில கார்களில் பலகையே பாதி பாதி: ஒரு பாதி ஆபர்னின் ஆரஞ்சும் நீலமும், மறு பாதி அலபாமாவின் கருஞ்சிவப்பு. கணவன் ஒரு கட்சி, மனைவி ஒரு கட்சி. அப்படி வாழும் குடும்பங்கள் இங்கே ஏராளம் என்றான்.

அவன் தலையில் ஆபர்ன் தொப்பி. வண்டியை விட்டு இறங்கியதிலிருந்து முன்பின் தெரியாதவர்களெல்லாம் "வார் ஈகிள்!" என்கிறார்கள். வணக்கமும் அதுதான், போய்வருகிறேனும் அதுதான். "நீங்களும் அதையே திருப்பிச் சொல்லுங்க மாமா, போதும்." சொன்னேன். ஒரு பாட்டி நின்று என்னிடம் எந்த ஊர் என்று விசாரித்து, நாளைக்கு குளிரும், உள்ளே கனமாக ஏதாவது போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் டூமர்ஸ் கார்னர். காலேஜ் தெருவும் மக்னோலியா அவென்யூவும் சந்திக்கும் முக்கு. 1896இலிருந்து இருக்கும் டூமர்ஸ் மருந்துக்கடையில் இப்போது எலுமிச்சை ஜூஸ்தான் பிரபலம்; வரிசையில் நின்று வாங்கினோம். எதிரே பல்கலைக்கழக நுழைவாயிலை ஒட்டி இரண்டு ஓக் மரங்கள். ஆபர்ன் ஜெயித்தால் ஊரே இங்கே திரண்டு கழிப்பறைக் காகித உருளைகளை மரத்தின் மேல் வீசும். கிளை தெரியாமல் வெள்ளையாகத் தொங்குமாம். குடும்பம் குடும்பமாக, கைக்குழந்தையோடு வருவார்கள். யாரையும் சீண்டாத கொண்டாட்டம்.

இப்போது நிற்பவை பழைய மரங்கள் இல்லை. 2010 அயர்ன் பௌலில் 24-0 என்று பின்தங்கியிருந்த ஆபர்ன், கேம் நியூட்டன் ஆட்டத்தால் மீண்டு 28-27 என்று ஜெயித்தது. அதுவும் அலபாமாவின் சொந்த ஊரிலேயே. 2011 ஜனவரியில் பால் ஃபைன்பாம் வானொலி நிகழ்ச்சிக்கு ஒருவர் தொலைபேசியில் வந்து, டூமர்ஸ் மரங்களுக்கு விஷம் வைத்துவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னார். மண்ணைப் பரிசோதித்தால் ஸ்பைக் 80டிஎஃப் என்ற களைக்கொல்லி, அதுவும் மிக அதிக அளவில். அவர் பெயர் ஹார்வி அப்டைக். அலபாமா அணியின் வெறியர், ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு நாளும் படித்தவர் அல்ல. மண்ணை அள்ளி மாற்றிப் பார்த்தார்கள், மரங்கள் பிழைக்கவில்லை. 2013 ஏப்ரலில் வெட்டினார்கள். அதற்கு முந்தைய சனிக்கிழமை நடந்த வெறும் பயிற்சி ஆட்டத்துக்கு 80,000 பேருக்கு மேல் வந்தார்கள், கடைசி முறையாக அந்த மரங்களில் காகிதம் வீசுவதற்காக. அப்டைக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சிறை, ஐந்தாண்டுக் கண்காணிப்பு, அந்தக் காலம் முழுக்கக் கல்லூரி விளையாட்டு எதற்கும் போகக்கூடாது என்ற தடை, ஏறக்குறைய 8 லட்சம் டாலர் இழப்பீடு. 2020இல் அவர் இறந்தபோது அதில் மிகச் சிறிய பகுதியைத்தான் கட்டியிருந்தார்.

விஷம் வைத்த செய்தி வந்த சில நாட்களிலேயே அலபாமா ரசிகர்கள் சிலர் 'டைட் ஃபார் டூமர்ஸ்' என்று ஒரு நிதி திரட்டலைத் தொடங்கி, ஏறக்குறைய 50,000 டாலர் சேர்த்து எதிரி ஊர் மரங்களுக்காகக் கொடுத்தார்கள். அப்டைக்கின் பெயர் உலகத்துக்கே தெரியும். ஐந்தும் பத்துமாகப் பணம் போட்டவர்கள் பெயர் யாருக்குத் தெரியும்? எனக்கு இதில் ஆற்றாமை உண்டு.

புதிதாக நட்ட மரங்களுக்கும் நல்ல காலம் இல்லை. 2016 செப்டம்பரில் எல்எஸ்யூவை (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) ஆபர்ன் வென்ற இரவில், மரத்தில் தொங்கிய காகிதத்துக்கு ஒருவர் தீ வைத்துவிட்டார். மறுபடி நட வேண்டியதாயிற்று. அடிமரத்தைத் தொட்டுப் பார்த்தேன். என் இரண்டு கையால் சுற்றிப் பிடித்துவிடலாம் போல இருந்தது.

நவம்பர் 25, சனி. ஆபர்ன், இரவு

ஆட்டம் பிற்பகல் 2:30க்கு. நாங்கள் காலையிலேயே போய்விட்டோம். பல்கலைக்கழகப் புல்வெளி முழுக்கக் கூடாரங்கள். மரத்தடியில் டிவி, மின்சாரத்துக்கு ஜெனரேட்டர், மணிக்கணக்கில் புகையில் வேகும் பன்றிக்கறி. அக்கா மகனின் பழைய சிநேகிதர் கூடாரத்தில் ஒரு பெரிய பானையில் அவிச்ச கடலை! தோலோடு, உப்புத் தண்ணீரில், இன்னும் ஆவி பறக்க. தென் மாநிலங்களில் இது தெருவோரத்துப் பண்டமாம். உடைத்ததும் உப்புத் தண்ணீர் மணிக்கட்டு வரை வழிந்தது. அந்தக் கூடாரத்திலேயே கருஞ்சிவப்புச் சட்டையில் நான்கு பேர். மைத்துனன் குடும்பமாம், அலபாமா பல்கலைக்கழகம் இருக்கும் டஸ்கலூசாவிலிருந்து வந்திருக்கிறார்கள். ஒரே தட்டில் சாப்பாடு, ஓயாத வாய்ச்சண்டை. 1972இல் ஆபர்ன் இரண்டு பன்ட்டுகளை (எதிரணிக்குப் பந்தை உதைத்துக் கொடுப்பது) தடுத்து 17-16 என்று ஜெயித்ததை ஒருவர் எடுக்க, 1948இல் அலபாமா 55-0 என்று அடித்ததை இன்னொருவர் எடுத்தார். அப்போது இருவருமே பிறந்திருக்கவில்லை.

ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு டைகர் வாக். ஆபர்ன் வீரர்கள் டொனஹியூ சாலையில் நடந்தே அரங்கத்துக்கு வருகிறார்கள், இருபுறமும் ஜனம். 1989இல் அயர்ன் பௌல் முதன்முறையாக ஆபர்னுக்கு வந்த அன்று இங்கே கூடிய கூட்டத்தைப் பற்றிப் பெரியவர்கள் இன்னும் பேசுகிறார்கள். அருகில் பார்க்கும்போதுதான் தெரிகிறது, மலைபோல் உடம்பு, முகம் மட்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பையன் முகம். ஒருவன் கூட்டத்துக்குள் அம்மாவைக் கண்டுபிடித்து, நடையை நிறுத்தாமலே கையை நீட்டித் தொட்டுவிட்டுப் போனான்.

ஜோர்டன்-ஹேர் அரங்கத்தில் 88,000 பேருக்கு மேல் உட்காரலாம். உள்ளே கொண்டுபோகும் பை கண்ணாடிபோல இருக்க வேண்டும். எங்கள் இடம் மேல்தளம். முன்வரிசையில் ஒரு அலபாமா தம்பதி, ஆபர்ன் கடலுக்கு நடுவே தனியாக. பக்கத்தில் வயதான ஆபர்ன் தம்பதி. தாத்தா காதில் வானொலி.

கூட்டம் எப்போது கத்துகிறது என்பதற்கு ஒரு முறை இருக்கிறது. ஆபர்ன் கையில் பந்து இருந்தால் அத்தனை பேரும் அடங்கிவிடுகிறார்கள், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் சொல்வது சக வீரர்களுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக. அலபாமா கையில் பந்து வந்ததும், அதுவும் மூன்றாவது வாய்ப்பு என்றால், காது அடைத்துப் போகிறது. எதிராளிக்குப் பேச்சே கேட்கக்கூடாது. இது முறையா என்று எனக்குள் கேட்டுக்கொண்டே இருந்தேன். முறைதான் என்றுதான் தோன்றுகிறது. இரண்டு ஊரிலும் இதுவே வழக்கம், அணிகள் இதற்கென்றே கைச்சாடை பழகி வருகின்றன. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

ஒரு வாரம் முன்புதான் ஆபர்ன் இதே மைதானத்தில் நியூ மெக்ஸிகோ ஸ்டேட்டிடம் 31-10 என்று தோற்றிருந்தது. யாரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. ஆனால் கடைசிக் கால்பகுதியில் ஆபர்ன் 24-20 என்று முன்னிலை. பனியும் இருட்டும் இறங்க, விளக்கு வெளிச்சத்தில் அக்கா மகன் உட்காரவே இல்லை. சில நிமிடங்கள்தான் பாக்கி. அலபாமா பந்தை உதைத்துக் கொடுக்கிறது. அதைப் பிடிக்க நின்ற ஆபர்ன் பையன் கையிலிருந்து பந்து நழுவுகிறது. அலபாமா விழுந்து அமுக்கிக்கொண்டது.

எங்களுக்குப் பின்னால் ஒருவர் அந்தப் பையனின் பெயரைச் சொல்லித் திட்ட ஆரம்பித்தார். இங்கே எழுத முடியாத வார்த்தைகள். வானொலித் தாத்தா காதிலிருந்ததைக் கழற்றினார், திரும்பினார், நடுங்கும் குரலில் சொன்னார்: "அவன் படிக்கிற பையன். வாயை அடக்கு." ஆபர்ன்காரர் ஆபர்ன்காரரைக் கண்டித்தார். அந்த ஆள் உட்கார்ந்துவிட்டார். இன்று முழுக்க நான் பார்த்ததில் இதைத்தான் மறக்கமாட்டேன்.

அலபாமா எல்லைக்கு 7 கெஜம் வரை வந்துவிட்டது. பிறகு பந்து கைக்கு வராமல் பின்னால் உருண்டது, விதிமீறலுக்கு அபராதம் விழுந்தது, பின்வாங்கிப் பின்வாங்கி 31 கெஜத்துக்குப் போய்விட்டார்கள். நான்காவது, கடைசி வாய்ப்பு. ஆபர்ன் இரண்டே பேரை மட்டும் விரட்ட அனுப்பிவிட்டு மற்றவர்களைப் பின்னால் காவலுக்கு நிறுத்தியது. அலபாமாவின் குவார்ட்டர்பேக் ஜேலன் மில்ரோ நின்றார், நின்றார், இன்னும் நின்றார். எறிந்தார். இடது மூலையில் சக வீரர் ஐசையா பாண்ட் கையில் பந்து. பாக்கி இருந்தது 32 விநாடி. 27-24.

முன்வரிசைத் தம்பதி எழுந்து கட்டிக்கொண்டார்கள். குதிக்கவில்லை, சுற்றியிருந்தவர்கள் பக்கம் திரும்பவும் இல்லை. கடைசியாக ஆபர்ன் எறிந்த பந்தையும் அலபாமா பிடித்து ஆட்டம் முடிந்த பிறகுதான் அந்த அம்மா திரும்பி வயதான தம்பதிக்குக் கை கொடுத்தார். பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு, "பத்திரமாக வண்டி ஓட்டுங்கள், பாதையில் மான் குறுக்கே வரும்" என்றார். அழுதுகொண்டேதான் சொன்னார்.

வெளியே வரும் வழியில் நல்லது மட்டுமே நடந்தது என்று எழுதினால் பொய். வாகன நிறுத்தத்தில் கருஞ்சிவப்புச் சட்டை போட்ட இளைஞர்கள் சிலர், தோற்றவர்கள் முகத்துக்கு நேரே போய்க் கத்தினார்கள். ஒரு பாட்டில் பறந்து வந்தது. காவலர்கள் பிரித்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் குடித்திருந்தார்கள். குடியும் கும்பலும் சேர்ந்தால் எந்த ஊரிலும் இதுதான்.

அக்கா மகன் விடுதி வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

நவம்பர் 26, ஞாயிறு. பர்மிங்காம்

காலையில் 280ஆம் சாலையைப் பிடித்து பர்மிங்காம் வந்தோம். இரும்பும் எஃகும் உருக்கி வளர்ந்த ஊர். மலைமேல் 56 அடி உயர வல்கன் சிலை, முழுக்க வார்ப்பிரும்பு. இந்த ஊரில் நடந்ததால்தான் ஆட்டத்துக்கு அயர்ன் பௌல் என்று பெயர்.

முதல் ஆட்டம் 1893 பிப்ரவரியில் இங்கேதான், ஆபர்ன் 32-22 என்று வென்றது. 1907க்குப் பிறகு 41 ஆண்டுகள் ஆட்டமே இல்லை. காரணத்தைக் கேட்டால் நம்பமாட்டீர்கள்: படிக்காசு. பயணம் வரும் வீரர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 3 டாலரா, 3.50 டாலரா? 20 பேருக்கா, 22 பேருக்கா? நடுவரை எங்கிருந்து அழைப்பது? இந்த இழுபறியில் இரண்டு தலைமுறை மாணவர்கள் ஒருவரோடொருவர் ஆடாமலே படித்து முடித்துப் போனார்கள். கடைசியில் மாநிலச் சட்டமன்றம் தலையிட வேண்டியிருந்தது. 1948 டிசம்பர் 4 காலை, இரு பல்கலைக்கழக மாணவர் தலைவர்களும் இங்கே ஒரு பூங்காவில் குழி தோண்டி ஒரு கைக்கோடரியைப் புதைத்தார்கள், பகை முடிந்தது என்பதற்கு அடையாளமாக. அந்தப் பூங்காவுக்கு இப்போது லின் பார்க் என்று பெயர். ஞாயிற்றுக்கிழமைக் காலை, நாய்களோடு சிலர் நடந்துகொண்டிருந்தார்கள்.

அங்கிருந்து லீஜியன் ஃபீல்ட். 1948 முதல் 1988 வரை அத்தனை அயர்ன் பௌலும் இந்த அரங்கில்தான். பெரும்பாலான ஆண்டுகளில் டிக்கெட்டைச் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்தார்கள். பாதி அரங்கம் ஆரஞ்சு, பாதி கருஞ்சிவப்பு. யார் ஜெயித்தாலும் ஜெயித்தவரும் தோற்றவரும் ஒரே வாசல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். இன்று விருந்தாளி அணி ரசிகர்களுக்கு ஒரு மூலைதான். ஊருக்கு ஊர் ஆட்டம் மாறிப் போவதில் மாணவர்களுக்குச் சந்தோஷம் இருக்கும். ஆனாலும் அந்தச் சரிபாதி முறை போனது நஷ்டம் என்றே நினைக்கிறேன்.

அந்தச் சரிபாதியிலும் எல்லோருக்கும் இடம் இருந்துவிடவில்லை. சற்றுத் தள்ளித்தான் 1963 செப்டம்பரில் குண்டுவெடிப்பில் நான்கு கறுப்பினச் சிறுமிகள் கொல்லப்பட்ட 16ஆம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயம். ஜேம்ஸ் ஓவன்ஸ் 1970இல் ஆபர்னுக்கும், ஜான் மிட்செலும் வில்பர் ஜாக்சனும் 1971இல் அலபாமாவுக்கும் ஆடிய பிறகுதான் இந்த அணிகளில் நிறத்தடை உடைந்தது. நேற்று 88,000 பேர் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பையன்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். தேவாலயத்துக்கு எதிர்ப்பக்கம் வெகுநேரம் நின்றிருந்தோம்.

நவம்பர் 27, திங்கள். டஸ்கலூசா

எதிரி ஊர். அக்கா மகன் தொப்பியைக் காரிலேயே வைத்துவிடலாமா என்று யோசித்து, பிறகு போட்டுக்கொண்டே இறங்கினான். பிரையன்ட்-டென்னி அரங்கத்தில் 1,00,000 பேருக்கு மேல் உட்காரலாம். வாசலில் தேசியப் பட்டம் வென்ற பயிற்சியாளர்களின் சிலைகள். பேர் பிரையன்ட் தொப்பியோடு நிற்கிறார், நிக் சேபனுக்கு உயிரோடு இருக்கும்போதே சிலை. புல் வெட்டிக்கொண்டிருந்த ஊழியர் தொப்பியைப் பார்த்து, "நேற்றைக்கு முந்தின நாள் உங்கள் பையன்கள் நன்றாக ஆடினார்கள்" என்றார். இவன் நன்றி சொன்னான்.

2011 ஏப்ரல் 27 அன்று இந்த ஊரைச் சூறாவளி பிய்த்துப் போட்டது. இறந்தவர்களில் ஆறு பேர் அலபாமா மாணவர்கள். டூமர்ஸ் மரங்களுக்கு விஷம் வைத்த விஷயம் வெளியாகி மூன்று மாதம்கூட முடியவில்லை. ஆபர்ன் ரசிகர்கள் 'டூமர்ஸ் ஃபார் டஸ்கலூசா' என்று குழு சேர்ந்து, தண்ணீரும் மருந்தும் துணியும் வண்டி வண்டியாக அனுப்பினார்கள், தாங்களே வந்து இடிபாடு அள்ளினார்கள். பழைய குறையை யாரும் எடுக்கவில்லை.

இதே ஊரிலிருந்து இன்னொரு கதை. 2013 அயர்ன் பௌலில் அலபாமாவின் கேட் ஃபாஸ்டர் உதைத்த பந்துகள் மூன்று முறை பலிக்கவில்லை. கடைசி விநாடியில் வேறொருவர் உதைத்துத் தவறியதை கிறிஸ் டேவிஸ் பிடித்து முழு மைதானமும் ஓடி ஆபர்னை ஜெயிக்க வைத்தார். அன்று இரவே ஃபாஸ்டருக்குக் கொலை மிரட்டல்கள், அதுவும் சொந்த அணி ரசிகர்களிடமிருந்து. அந்தச் சமயத்தில் முன்னாள் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் தன் கைப்பட ஒரு கடிதம் எழுதினார். வாழ்க்கையில் சறுக்கல் வரும், போகப் போக நீ இன்னும் உறுதியானவனாவாய் என்று ஆறுதல் சொல்லியிருந்தார். ஃபாஸ்டரின் சட்டை எண் 43. புஷ் 43ஆவது அதிபர். கடிதத்தின் அடியிலும் அந்த எண்ணைச் சொல்லித்தான் முடித்திருந்தார். பெரிய பதவியில் இருந்தவர் செய்ததால் செய்தியானது. மிரட்டல் விடுத்தவர்கள் வீட்டில் எத்தனை பேர் அப்படிச் செய்யாதே என்று தடுத்தார்கள் என்பதுதான் என் கேள்வி. சனிக்கிழமை பந்தை நழுவவிட்ட பையனுக்கு என்னென்ன செய்திகள் வந்திருக்குமோ என்று நினைத்தாலே மனசு பதைக்கிறது.

இந்தப் பகைக்கு ஒரு சடங்கும் உண்டு. ஜேம்ஸ் ஃபோய் என்பவர் பெயரில் ஒரு நன்னடத்தைக் கோப்பை. அலபாமாவில் படித்தவர் அவர், ஆபர்னில் மாணவர் நலப் பொறுப்பாளராக இருந்தவர். அயர்ன் பௌலில் ஜெயித்தவருக்கு அந்தக் கோப்பை, ஆனால் அன்றைக்கே கொடுப்பதில்லை. சில வாரம் கழித்து, ஜெயித்தவர் ஊரில் இரு அணிகளும் மோதும் கூடைப்பந்து ஆட்டத்தின் இடைவேளையில் கொடுக்கிறார்கள். அப்போது தோற்ற பல்கலைக்கழகத்தின் மாணவர் தலைவர் எழுந்து நின்று, எதிரணியின் பாட்டைக் கூட்டத்துக்கு முன்னால் பாட வேண்டும். வரும் ஜனவரியில் ஆபர்ன் மாணவர் தலைவர் இங்கே வந்து அலபாமாவின் பாட்டைப் பாடுவார். ஆயிரக்கணக்கானவர்கள் கேலி செய்வார்கள், கடைசியில் கைதட்டவும் செய்வார்கள். நம் மாவட்டப் போட்டிகளில் இப்படி ஒன்று வைத்தால் தோற்ற பள்ளி பேருந்தை எரிச்சலோடு கிளப்பிக்கொண்டு போகாது. என் பழைய சகாக்கள் யாராவது இதைப் படித்தால் யோசித்துப் பாருங்கள்.

நாளை அட்லாண்டா திரும்புகிறோம். அங்கே வரும் சனிக்கிழமை, டிசம்பர் 2, அலபாமாவும் ஜார்ஜியாவும் எஸ்இசி (தென்கிழக்குப் பல்கலைக்கழக அணிகளின் கூட்டமைப்பு) பட்டத்துக்கு மோதுகின்றன. ஜார்ஜியாவும் ஆபர்னுக்கு 1892இலிருந்து பரம்பரைப் பகை. அப்படியானால் நீ யார் பக்கம் என்று கேட்டேன்.

"இதிலென்ன கேள்வி மாமா? அலபாமா தோக்கணும்."